முதலில் பேப்பர், அப்புறம் துணி: தையல் கேள்வி பதில்

அன்றாடம் வீட்டில் உடுத்துவதை நாமே பேட்டர்ன் (துணியில் வெட்ட வேண்டிய வடிவத்தைப் பேப்பரில் வரைந்தது) போட்டுத் தைத்துக்கொள்வது பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரி இருந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

*

கேள்வி: இணையத்தில் காசு கொடுத்து ஒரு குர்த்தி பேட்டர்ன் வாங்கினேன். வெளிநாட்டு டிசைனர் போட்டது. நான் கடையில் எப்போதும் எடுப்பது மீடியம், அதனால் மீடியமையே பிரிண்ட் எடுத்து, ஆசையாக வாங்கி வைத்திருந்த மதுரைச் சுங்குடியில் வெட்டித் தைத்தேன். மார்பில் இழுத்துப் பிடிக்கிறது, தோள் மட்டும் வழிகிறது, இடுப்பு வளைவு என் இடுப்புக்குக் கீழே போய் நிற்கிறது. என் உடம்பு வாகுதான் பேட்டர்னுக்கு ஒத்துவராதா? – ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வந்த கடிதங்களில் நாலைந்தில் இதே வரி இருந்தது, படிக்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பேட்டர்ன் என்பது யாரோ ஒருத்தியின் உடம்பை மனதில் வைத்து ஒருவர் போட்ட கோடு. ஜெர்மனியிலிருந்து வரும் புர்டா பத்திரிகையின் வழக்கமான பெண்கள் அளவு 168 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டது, அதாவது ஐந்தடி ஆறு அங்குலம். நீங்கள் ஐந்தடி ஒன்றோ இரண்டோ இருந்தால் அந்தப் பேப்பரில் இருக்கும் இடுப்பு உங்கள் இடுப்புக்குக் கீழேதான் விழும். அதேபோல பெரும்பாலான அமெரிக்க பேட்டர்ன்கள் பி கப் அளவை வைத்துப் போடப்படுகின்றன. மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டி டேப் வைத்து எடுக்கும் சுற்றளவுக்கும், மார்பின் எடுப்பான இடத்தில் எடுக்கும் சுற்றளவுக்கும் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம் என்று அது நினைத்துக்கொள்கிறது. உங்களுக்கு அந்த வித்தியாசம் மூன்றரை, நான்கு என்றால் இப்போது நடந்ததுதான் நடக்கும், மார்பு பிடிக்கும், தோள் வழியும். அதனால் மேல்மார்புச் சுற்றளவை வைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள், தோளும் கழுத்தும் கைக்குழியும் சரியாக வந்துவிடும், மார்பில் மட்டும் பேப்பரை வெட்டித் திறந்து சேர்த்துக்கொள்ளலாம். மீடியம், லார்ஜ் என்ற எழுத்தைப் பார்க்கவே வேண்டாம். ஒவ்வொரு பேட்டர்னிலும் அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ ஓர் அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. பிரிண்ட் எங்கே எடுத்தீர்கள்? ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் ஏ4 தாளுக்குள் அடங்கும்படி மிஷினே கொஞ்சம் சுருக்கி அடித்துவிடும், கடைக்காரருக்கும் அது தெரியாது. அதற்காகத்தான் முதல் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டிருப்பார்கள், பக்கத்தில் 10 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும். அதை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 9.6 காட்டினால் உங்கள் 40 அங்குல குர்த்தி 38.4 அங்குலமாகத்தான் வந்திருக்கும், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விட்டது. நூறு சதவீதத்தில், சுருக்காமல் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டு, முதல் பக்கத்தை மட்டும் எடுத்து அளந்த பிறகு மீதியை எடுக்கச் சொல்லுங்கள்.

தையலுக்கு உள்ளே விடும் துணி பேட்டர்னில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள். அமெரிக்கக் கம்பெனிகளின் பேப்பரில் பெரும்பாலும் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் சேர்ந்தே இருக்கும். புர்டா பத்திரிகையின் தாளில் இருக்காது, நாமே சுற்றிலும் வரைந்து சேர்க்க வேண்டும்.

உயரத்தைக் குறைக்கிறேன் என்று கீழே அடியில் வெட்டாதீர்கள். பின்கழுத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து இடுப்பு வரை உங்களை அளந்து, பேப்பரில் அதே இடத்தை அளந்து, எவ்வளவு அதிகமோ அவ்வளவை மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் மடித்து ஒட்டிவிடுங்கள். மடித்த இடத்தில் பக்கக் கோடு கொஞ்சம் உடையும், அதை மட்டும் நேராக்கினால் போதும். லூஸையும் மறக்கக் கூடாது. மார்பளவு 36 என்றால் தைத்து முடித்த குர்த்தி 39 இருந்தால்தான் கையைத் தூக்கிக் கொடியில் துணி காயப்போட முடியும்.

சுங்குடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, கை அடியிலிருந்து சைடு ஓப்பன் வரைக்கும் இரண்டரை அங்குல அகலத்துக்கு வேறு நிறத்தில் ஒரு பட்டி கொடுத்துச் சேருங்கள். தையலுக்கு ஒரு அங்குலம் போக ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் கிடைக்கும், பார்க்கவும் வேண்டுமென்றே வைத்த மாதிரி இருக்கும். அடுத்த முறை நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன்னால் ஒரு பழைய வேட்டியில் வெட்டி, நீளத் தையலில் சும்மா ஓட்டிப் போட்டுப் பாருங்கள். நான் இன்றைக்கும் புதுப் பேட்டர்ன் என்றால் வேட்டியில் வெட்டாமல் துணியைத் தொடுவதில்லை.

*

கேள்வி: அம்மாவுக்கு அரசுத் திட்டத்தில் கிடைத்த தையல் மிஷின் வீட்டில் சும்மா இருக்கிறது. எனக்கு இதுவரை மிஷினில் உட்கார்ந்த பழக்கமே இல்லை. ரவிக்கையில் ஆரம்பிக்கலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்த மிஷினாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் எத்தனையோ வீடுகள் நிமிர்ந்திருக்கின்றன, உங்கள் வீட்டிலும் அது ஓடட்டும்.

ரவிக்கை வேண்டாம். டாட் (உடம்பு வளைவுக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல்), கைக்குழி, பட்டி, ஹூக் எல்லாம் ஒரே துண்டில் வருகிற கஷ்டமான உடுப்பு அது. முதலில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து அந்தக் கோட்டின் மேலேயே ஊசி போகும்படி மிதித்துப் பழகுங்கள். நேராகப் போக வந்ததும் வளைவு, அப்புறம் சதுரம், மூலையில் ஊசியைக் கீழே இறக்கி வைத்துத் தாளைத் திருப்புவது. ஒரு வாரம் இதைச் செய்தாலே கால் உங்கள் பேச்சைக் கேட்கும்.

அப்புறம் சேலைக்கு உள்ளே கட்டுகிற நாலு பீஸ் பாவாடை. இதற்குப் பேட்டர்ன் பேப்பரே வேண்டாம், ஆனால் பேட்டர்ன் எப்படி வேலை செய்கிறது என்பது இதில் புரிந்துவிடும். 36 அங்குல அகல பாப்ளின் இரண்டேகால் மீட்டர் வாங்கி, நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, 39½ அங்குல நீளத்தில் இரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டை விரித்து, மேல் ஓரத்தில் இடது கரையிலிருந்து 12 அங்குலத்தில் ஒரு புள்ளி, கீழ் ஓரத்தில் அதே இடது கரையிலிருந்து 24 அங்குலத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சாய்கோடாகச் சேர்த்து வெட்டுங்கள். வலது பக்கம் வந்த துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவும் இடதுபக்கத் துண்டு மாதிரியே இருக்கும். இன்னொரு துண்டையும் இப்படி வெட்டினால் ஒரே மாதிரி நாலு பீஸ், ஒவ்வொன்றும் இடுப்பில் 12, அடியில் 24. நனைத்த பிறகு அகலம் 35 ஆகியிருந்தால் பதினொன்றரையும் இருபத்து மூன்றரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும்போதுதான் கவனம். ஒவ்வொரு பீஸிலும் ஒரு ஓரம் நேர், ஒரு ஓரம் சாய்வு. நேர் ஓரத்தோடு சாய்வு ஓரத்தைத்தான் சேர்க்க வேண்டும். சாய்வும் சாய்வும் சேர்ந்தால் துணி இழுபட்டு அந்த இடம் மட்டும் நாளடைவில் தொங்கிவிடும். இடுப்புப் பக்கத்தைச் சமமாகப் பிடித்துக்கொண்டு கீழே தைத்து வாருங்கள். சாய்வு ஓரம் நேர் ஓரத்தைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம் நீளமாக இருக்கும், அடியில் மூலை நீட்டிக்கொண்டு நிற்கும். தப்பு செய்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம், அதை மெதுவான வளைவாக வெட்டிவிடத்தான் வேண்டும். நாலு தையலுக்கும் ஒவ்வொரு அங்குலம் போனால் இடுப்பு 44, அடிச்சுற்று 92. இடுப்பில் ஒன்றரை அங்குலம் மடித்து நாடா கோக்க வழி விட்டு அடியுங்கள், அடியில் ஒரு அங்குலம் மடியுங்கள், உயரம் 37 வரும். 44 அங்குலம் உங்கள் இடுப்பெலும்புச் சுற்றைத் தாண்டிப் போகுமா என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

இப்படி மூன்று பாவாடை தைத்துவிட்டு நைட்டிக்கு வாருங்கள். ரவிக்கை தானாக வரும்.

*

கேள்வி: மேலே தையல் அழகாக இருக்கிறது, கீழே நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது. பாபினை மாற்றிப் பார்த்துவிட்டேன். – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கீழே கொத்து விழுந்தால் குற்றம் பெரும்பாலும் மேல் நூலில். பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் கால்) இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். அப்போது மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். அப்படியும் தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைக் கழற்றிப் பாருங்கள், ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் இருக்கும், நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் காதுக்குள் போக வேண்டும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள். குளிரில் உறைந்து, நாளானால் பிசினாகி மிஷினை இறுக்கிவிடும். ஏற்கெனவே விட்டிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி, துடைத்து, மிஷின் எண்ணெய் விடுங்கள். அடுத்து ஒரு பழைய துணியில் நன்றாக ஓட்டிவிட்டுத்தான் புதுத் துணி.

*

கேள்வி: நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். குர்த்தியிலும் நைட்டியிலும் பாக்கெட் வேண்டும். எந்தப் பேட்டர்னிலும் இல்லை. எப்படிச் சேர்ப்பது? – ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இந்தக் கேள்விக்கு உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. பெண்கள் உடுப்பில் பாக்கெட் இல்லாததற்கு எந்த நியாயமான காரணமும் இல்லை, நாமே தைப்பதில் எனக்குப் பிடித்த முதல் விஷயமே இதுதான்.

நைட்டி சுலபம். பக்கத் தையலில், இடுப்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஆரம்பித்து ஆறரை அங்குலம் திறப்பு விடுங்கள். கையை ஒரு பேப்பரில் விரித்து வைத்து, சுற்றி ஒரு அங்குலம் தள்ளி வரைந்தால் அதுதான் பை. ஒரு பக்கத்துக்கு இரண்டு துண்டு. ஒன்றை முன்பக்கத் துணியிலும் ஒன்றை பின்பக்கத் துணியிலும் முதலிலேயே தைத்துவிட்டு, அப்புறம் பக்கத் தையலை மேலிருந்து போட்டு வரும்போது பையின் வளைவைச் சுற்றிப் போய்க் கீழே இறங்க வேண்டும்.

குர்த்தியில் சைடு ஓப்பன்தான் சிக்கல். தோளிலிருந்து இடுப்பு பதினாலரை, ஓப்பன் ஆரம்பிப்பது 21 என்றால், நடுவில் இருப்பது ஆறரை அங்குலம்தான். அதில் பதினாலரையிலிருந்து இருபது வரை ஐந்தரை அங்குலம் திறப்பு விடலாம், ஓப்பனுக்கு மேலே ஒரு அங்குலம் கெட்டியாக நிற்க வேண்டும். பை ஓப்பனுக்குக் கீழே இறங்கும், அது பின்பக்கம் போய் வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்க முன்பக்கம் சாய்த்து, அதன் மேல் விளிம்பில் ஒரு சின்ன நாடாத் துண்டு வைத்து இடுப்பு டாட் தையலோடு பிடித்துவிடுங்கள். போன் கனத்தை அந்த நாடா தாங்கும், மெல்லிய காட்டன் இழுபடாது. திறப்பு ஓரங்களில் உள்ளே ஒரு அங்குல கேன்வாஸ் பட்டி வையுங்கள்.

*

கேள்வி: வயது 34, கம்பெனி வேலை. ரெடிமேட் சட்டை தோள் சரியாக இருந்தால் வயிற்றில் பிடிக்கிறது, வயிறு சரியாக இருந்தால் தோள் தொங்குகிறது. மனைவியின் மிஷினில் நானே தைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். தோளில் சரியாக இருக்கும் பழைய சட்டையிலிருந்து பேட்டர்ன் எடுக்க முடியுமா? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஊர் ஊருக்கு ஜென்ட்ஸ் டெய்லர் கடையில் மிஷின் மிதிப்பது ஆண்கள்தான், உங்கள் வீட்டில் மட்டும் அது எப்படிக் கேலியாகும். தையுங்கள்.

முதலில் இரண்டு லுங்கி மூட்டிப் பழகுங்கள், கரையோடு கரை சேர்த்து நேர்கோடாக ஒரு நீளத் தையல் போட அதைவிட நல்ல பயிற்சி இல்லை. அப்புறம் ஒரு பைஜாமா. அதன் பிறகு அரைக்கைச் சட்டை.

பழைய சட்டையைப் பிரிக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு பாகத்திலும் பாவு நூல் ஓடும் திசையில், அதாவது கரைக்கு இணையாக, வேறு நிற நூலால் ஒரு நீளக் கோடு ஓட்டிவிடுங்கள். கை தோளோடு சேரும் இடம், காலர் நடுப்பகுதி, இவற்றில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. பிரித்த பிறகு இந்தக் குறிகள்தான் எது எதோடு சேரும் என்று சொல்லும். முழுச் சட்டையையும் பிரிக்கத் தேவையில்லை, வலது பாதி மட்டும் போதும், இடது பாதி எப்படித் தைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள அப்படியே இருக்கட்டும். பிரித்த துண்டுகளை இழுக்காமல், இஸ்திரியைத் தேய்க்காமல் அழுத்தி எடுத்து, பிரவுன் பேப்பரில் வைத்துக் குண்டூசி குத்துங்கள். துணியின் வெளி ஓரத்தை வரையாதீர்கள், அது பிசிறு போய்ச் சுருங்கியிருக்கும். பழைய தையல் ஓடிய கோட்டை வரைந்து, அதற்கு வெளியே அரை அங்குலம் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையைக் கவனியுங்கள். மேல் வளைவு இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரியும், உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகக் குடைந்திருக்கும், அதுதான் முன்பக்கம். அதை மறந்து முன்னும் பின்னும் மாற்றிச் சேர்த்தால் கையை முன்னால் நீட்டும்போதெல்லாம் முதுகு இழுக்கும். காலர் பட்டியின் நீளமும் கழுத்துத் தையலின் நீளமும் ஒன்றா என்று டேப்பை நிமிர்த்தி வைத்து வளைவில் ஓட்டி அளந்த பிறகே வெட்டுங்கள்.

இனி வயிறு. முதுகைத் தொடாதீர்கள், பெரிதாக வேண்டியது முன்பக்கம் மட்டும். மார்பு வரை பழைய கோடு, அங்கிருந்து கீழே போகப் போக வெளியே சாய்த்து வயிற்றுக்கு நேரே முக்கால் அங்குலம் சேருங்கள், இரண்டு முன்பக்கமும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் வந்துவிடும். முன் அடியில் பொத்தான் பட்டிக்கு நேராக அரை அங்குலம் நீளமும் கூட்டுங்கள், இல்லையென்றால் வயிறு துணியை எடுத்துக்கொண்டு சட்டை முன்னால் தூக்கி நிற்கும். தோளை ஒரு நூலிழைகூட மாற்ற வேண்டாம்.

*

கேள்வி: பேப்பர் பேட்டர்ன் எப்போது வந்தது? என் பாட்டி காலத்தில் அளவு ரவிக்கைதானே? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆமாம், நம் வீடுகளில் துணியைப் பார்த்துத்தான் துணி வெட்டினார்கள். சேலை, வேட்டி, துண்டு என்று வெட்டே படாத உடுப்பு அதிகம், தைப்பது என்றால் ரவிக்கையும் பாவாடையும் சட்டையும்தான், அதற்குச் சரியாக இருக்கும் ஒன்றைக் கொடுத்தால் போதும். அளவு ரவிக்கை என்பதும் ஒரு பேட்டர்ன்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-இல் ஒரே உடுப்பைப் பல அளவுகளில் பேப்பரில் வெட்டி விற்க ஆரம்பித்தார். சிங்கர் தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-இல், வீட்டுக்கு வீடு மிஷின் வரத் தொடங்கிய காலத்தில் இதுவும் வந்ததால் நன்றாகப் பரவியது. ஜெர்மனியில் ஏன்னே புர்டா என்ற பெண்மணி 1950-இல் தொடங்கிய பத்திரிகை, பேட்டர்ன் தாளை இதழோடு சேர்த்தே கொடுத்து, போருக்குப் பிறகு கையில் காசில்லாத பெண்களும் நல்லதாக உடுத்த வழி செய்தது.

*

கேள்வி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை அசையாது. தலை வழியாக நைட்டி மாட்டும்போது ரொம்ப வேதனைப்படுகிறார்கள். கடையில் கிடைக்கும் முன் ஓப்பன் நைட்டியும் வயிறு வரைதான் திறக்கிறது. எனக்குச் சுமாராகத் தைக்கத் தெரியும். – ஒரு வாசகி, சிவகாசி

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்து வைத்தேன்.

புதுப் பேட்டர்ன் தேடி அலைய வேண்டாம். அம்மாவுக்குப் பழகிப்போன, நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய காட்டன் நைட்டி ஒன்றை எடுங்கள். முன்பக்க நடுவில் கழுத்திலிருந்து அடிவரை நேராக வெட்டுங்கள். அப்புறம் இடது தோள் தையலைக் கழுத்திலிருந்து பிரித்து, கையின் மேல் நடுவிலேயே நேராகக் கை ஓரம் வரை வெட்டிக்கொண்டு போங்கள். இப்போது இடது கை பக்கம் முழுவதும் திறந்துவிட்டது, அம்மாவின் கையைத் தூக்கவே வேண்டாம், கீழே விரித்துக் கையை அதன் மேல் வைத்து மூடினால் போதும்.

வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு அங்குலப் பட்டி கொடுங்கள், ஒரு பக்கப் பட்டி உள்ளே மடிந்து இருக்கட்டும், இன்னொரு பக்கப் பட்டி வெளியே நீண்டு அடியில் போய் நிற்கட்டும், நடுவில் தோல் தெரியாது. முன்பக்கத்துக்கு டிச் பட்டன் நாலு அங்குலத்துக்கு ஒன்று. அது உங்கள் கைக்குச் சுலபம், ஆனால் அம்மாவே வலது கையால் மூடிக்கொள்ள ஆசைப்பட்டால் வெல்க்ரோ வைக்கலாம், ஒரு கையால் அழுத்தினாலே ஒட்டும். நீளமாகப் பட்டியாக வைக்காதீர்கள், ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வையுங்கள், சொரசொரப்பான பாதி எப்போதும் உடம்பில் படாமல் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும், துவைக்கும் முன் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நூலும் முடியும் சேர்ந்து பிடிப்புப் போய்விடும். தோளில் வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், அங்கே நாடாதான், முடிச்சு முன்பக்கம் வருகிற மாதிரி.

அதிக நேரம் படுத்திருக்கிறார்கள் என்றால் முதுகுப் பக்கம், இடுப்புக்குக் கீழே, எந்தத் தையலும் மேடாக இருக்கக் கூடாது. ஓவர்லாக் முடிச்சுகூட நாள் முழுதும் அழுத்தினால் தோல் சிவந்துவிடும். பக்கத் தையல்களை விரித்து இஸ்திரி போட்டுப் படுக்க வைத்து அடியுங்கள். இன்னொன்று, மாட்டும்போது முடியாத கையை முதலில், கழற்றும்போது முடியாத கையைக் கடைசியில். மருத்துவமனையில் நர்ஸ்கள் செய்வது இப்படித்தான், துணியும் இந்த வரிசைக்கு ஒத்துப் போகும்படி தைத்திருந்தால் இரண்டு பேருக்குமே சிரமம் பாதியாகும்.

ஒரு பாக்கெட்டும் வையுங்கள், வலது கை எட்டுகிற இடத்தில். கைக்குட்டை அம்மாவிடமே இருக்கட்டும்.

*

கேள்வி: துணியை நனைத்துத்தான் வெட்டணுமா? அவசரத்துக்கு அப்படியே வெட்டினால் என்ன? – ஒரு வாசகி, சேலம்

பதில்: நனைத்துத்தான். காட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம், 40 அங்குல நீளத்தில் ஐந்து என்றால் இரண்டு அங்குலம், கணுக்காலில் நின்ற நைட்டி அதற்கு மேலே ஏறிவிடும். கைத்தறி இன்னும் அதிகம் சுருங்கக்கூடும். ராத்திரி ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். தண்ணீர் நிறமாக வந்தால் தெளியும் வரை அலசுங்கள், தெளியவே இல்லையென்றால் வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்க வேண்டாம். லைனிங்கையும் கேன்வாஸையும் சேர்த்து நனையுங்கள், பலரும் மேல்துணியை மட்டும் நனைத்துவிட்டு உள்துணியை விட்டுவிடுகிறார்கள்.

*

கேள்வி: ரெடிமேடே மலிவு, எதுக்கும்மா இந்தப் பாடு என்கிறாள் என் மகள். அவள் சொல்வது சரிதானா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: காசுக் கணக்கில் முதல் வருடம் அவள் சொல்வது சரி. துணி, நூல், கெட்டுப்போகும் இரண்டு மூன்று துண்டு, உங்கள் நேரம் எல்லாம் சேர்த்தால் தள்ளுபடி விலையில் கிடைக்கும் நைட்டியோடு போட்டி போட முடியாது. நான் பார்ப்பது வேறு கணக்கு. கடையில் எடுத்தது தோளில் இறங்கினால் நாம் பொறுத்துக்கொண்டு போடுகிறோம், கை இறுக்கினால் பொறுத்துக்கொள்கிறோம், பால் கொடுக்கும் காலத்தில், உடம்பு கனத்த காலத்தில், ஆபரேஷன் முடிந்த காலத்தில் எல்லாம் பொறுத்துக்கொண்டே போகிறோம். ஒரு நல்ல பேட்டர்னை உங்கள் அளவுக்குத் திருத்தி வைத்துவிட்டால், அதே பேப்பரில் பத்து நைட்டி வரும், பத்தும் உங்களுக்கென்றே இருக்கும். மகளுக்கு ஒன்று பாக்கெட் வைத்துத் தைத்துக் கொடுங்கள், போட்டுப் பார்க்கட்டும்.

*

கேள்வி: ஏழு வயது மகளுக்குப் பாவாடை சட்டை. நாலு வயதில் எடுத்த பேட்டர்ன் இருக்கிறது. ஜெராக்ஸில் பெரிதாக்கினால் போதுமா? – ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: போதாது. பிள்ளைகள் உயரத்தில் வளர்கிற அளவுக்குச் சுற்றளவில் வளர்வதில்லை, ஜெராக்ஸ் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்கும், கழுத்து வாய் பிளந்து தோளில் இறங்கும். மறுபடி அளந்து, நீளத்தை நடுவில் பேப்பரை வெட்டிச் சேர்த்தும், அகலத்தைப் பக்கக் கோட்டில் சேர்த்தும் திருத்துங்கள்.

பாவாடையில் டக் பிடியுங்கள். அந்தக் காலப் பட்டுப் பாவாடையில் கரைக்கு மேலே வரிவரியாக இருக்குமே, அதேதான், காட்டனிலும் பிடிக்கலாம். ஒரு அங்குல ஆழத்துக்கு ஒரு டக் பிடித்தால் இரண்டு அங்குலத் துணி அதில் அடங்கும், இரண்டு டக் என்றால் நாலு அங்குலம், அடுத்த இரண்டு வருடத்துக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். டக்குத் தையலை நீளத் தையலாகப் போடுங்கள், பிரிக்கும்போது துணி கிழியாது. பிரித்த இடத்தில் வெளிறாத கோடு ஒன்று பளிச்சென்று தெரியும், அதன் மேல் ஒரு லேஸ் வைத்து அடித்துவிடுங்கள். அந்த லேஸை இப்போதே, இதே துணியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நிறத்தில் கிடைக்காது.